மைக்கை அணைத்துவிட்டு விளையாடுகிறவர்கள்: கொங்கு நாட்டுக் கல்லூரிகளின் கேமிங் போட்டிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர்ப் பக்கத்துக் கல்லூரிகளில் கேமிங் போட்டி நடத்தும் தம்பி தங்கைகளுக்கும், அந்தப் போட்டிகளுக்குக் கையெழுத்துப் போடும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

போன வாரம் என் சித்தி மகள் ஒரு போஸ்டரை அனுப்பினாள். அவள் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போஸ்டரில் மேலே பிஜிஎம்ஐ (பப்ஜியின் இந்திய வடிவம்), அதற்குக் கீழே வாலரண்ட் (அணியாகச் சேர்ந்து சுட்டு ஆடும் கணினி விளையாட்டு), அணிக்கு எத்தனை பேர், கட்டணம் எவ்வளவு, முதல் பரிசு எவ்வளவு என்று எல்லாம் இருந்தது. ஆகக் கடைசியில், சின்ன எழுத்தில், பக்கத்தில் ஒரு பூப்படம் போட்டு, 'கேர்ள்ஸுக்குத் தனி ஈவென்ட்: லூடோ' என்றிருந்தது. கூடவே அவள் எதுவும் எழுதவில்லை. ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தாள்.

நானே அந்த போஸ்டரில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். எடுத்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "ஏனுங்க அக்கா, மெயின் ஈவென்ட்டுக்கு கேர்ள்ஸ் வர்றதில்லீங்க. போன வருசம் ஒருத்தருங்கூட வரல. சும்மா உக்காந்திருக்க வேண்டாமுன்னுதான் தனியா ஒண்ணு வெச்சோமுங்க." அவர் பேச்சில் கெட்ட எண்ணம் கொஞ்சமும் இல்லை. அதனால்தான் அவருக்கு மட்டும் பதில் சொல்லாமல் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். கெட்ட எண்ணம் இருந்திருந்தால் இவ்வளவு நீளமாக எழுத எனக்கு மனசு வந்திருக்காது.

தம்பி, நாங்கள் வருகிறோம். ஆட்டத்துக்கு ஆட்கள் கூடும் உங்கள் லாபியில் ராத்திரி பத்து மணிக்கு உங்களோடேயே இறங்குகிறோம். உங்களுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். நான் ஆறு வருசமாகக் 'கார்த்தி' என்ற பெயரில் விளையாடுகிறேன். ஆட்டத்தில் அடிபட்டு விழுந்த உங்களில் சிலரை நானே ரிவைவ் செய்து எழுப்பியிருப்பேன். "தேங்க்ஸ் ப்ரோ" என்று சொல்லியிருப்பீர்கள்.

எனக்குச் சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். 2008-ல் எனக்கு வயது பன்னிரண்டு. பெரியப்பா பையன் என்னை ஒரு பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போனான். வரிசையாக ஆறு கம்ப்யூட்டர், ஆறிலும் பையன்கள். ஒருத்தன் வைஸ் சிட்டியில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். என் முறை வந்ததும் கடைக்கார அண்ணன் என் முன்னால் பெயிண்ட்டைத் திறந்து வைத்து, "பாப்பா, பூ வரையுங்க" என்றார். பாசமாகத்தான் சொன்னார். பதினெட்டு வருசம் கழித்து உங்கள் போஸ்டரின் மூலையில் அதே பூவைப் பார்க்கிறேன்.

படிப்பு முடிந்து திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தேன். வேலையே பேச்சுதான். காலையில் டையிங்காரரிடம் ஷேடு சரியில்லை என்று பேச வேண்டும், மத்தியானம் பிரிண்டிங்காரரிடம், சாயங்காலம் வெளிநாட்டு பையரிடம். என் குரலை நம்பித்தான் கன்டெய்னர் கிளம்புகிறது. 2020 ஊரடங்கில் கம்பெனி மூடியிருந்தபோது கோபியில் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து பப்ஜி விளையாட ஆரம்பித்தேன். தெரிந்தவர்கள் யாரும் ஆன்லைனில் இல்லாத ஒரு ராத்திரி, முன்பின் தெரியாத மூன்று பேரோடு ஸ்குவாடில் இறங்கி, மைக்கைத் திறந்து "ஹலோ" என்றேன்.

இரண்டு நொடி சத்தமே இல்லை. அப்புறம் ஒருத்தன், "டேய், பொண்ணுடா" என்றான்.

அதோடு விளையாட்டு முடிந்துபோனது. என்ன துப்பாக்கி வைத்திருக்கிறேன், ஸ்கோப் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. வயசு கேட்டார்கள். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார்கள். ஒருத்தன் பாடச் சொன்னான். எதிரி சுட்டு நான் நாக் ஆகி விழுந்தபோது பக்கத்திலேயே நின்றுகொண்டு, "இன்ஸ்டா ஐடி குடுத்தாத்தான் ரிவைவ்" என்றான். தரவில்லை. என் உயிர்க்கோடு கரைந்து தீரும் வரை மூன்று பேரும் சுற்றி நின்று சிரித்தார்கள். அதற்கு மேல் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத மாட்டேன். உங்களில் விளையாடுகிறவர்களுக்கு அவை என்னவென்று தெரியும்.

கெட்ட வார்த்தையைக்கூடக் காதில் வாங்காமல் கடந்துவிடலாம். என்னை மைக்கை அணைக்க வைத்தது வேறு. நான்கைந்து நாள் கழித்து இன்னொரு ஆட்டம். இந்தத் தடவை கூட வந்த மூன்று பேரும் ஒழுங்காகவே விளையாடினார்கள். கடைசி வட்டம். ஆட்ட சூட்டில் நான், "பாறைக்கு அக்கட்ட ரெண்டு பேரு இருக்கறாங்க" என்று கத்திவிட்டேன். உடனே ஒருத்தன், "ஏனுங்க, நீங்க கோபிங்களா, சத்திங்களா? யாரு ஊட்டுப் புள்ளைங்க?" என்றான். நட்பாகத்தான் கேட்டான். எனக்குக் கை வேர்த்துவிட்டது.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியுமோ என்னவோ, நம் ஊர்க்காரர்களான உங்களுக்குப் புரியும். 'அக்கட்ட' என்ற ஒரு சொல் போதும், நான் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். எந்த ஊர் என்று தெரிந்தால் எந்தக் குடும்பம் என்று கண்டுபிடிக்க இரண்டு போன் போதும். "உங்க புள்ள ராத்திரி பன்னண்டு மணிக்குப் பசங்களோட பேசிச் சிரிச்சுட்டிருக்குது" என்ற ஒரு வரி என் அப்பாவின் காதுக்கு எந்தக் கல்யாண மண்டபத்திலாவது வந்து சேரும். அந்த வரி வந்து சேர்ந்த வீடுகளில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். போனைப் பிடுங்கினார்கள். ஒருத்திக்கு அவசரமாக மாப்பிள்ளை பார்த்தார்கள். சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு பெண் முகம் தெரியாதவனுக்குப் பயப்படுகிறாள். இங்கே நாங்கள் தெரிந்தவனுக்கும் பயப்பட வேண்டியிருக்கிறது.

ஆட்டத்தை நடுவில் விட்டு வெளியேறினேன். மறுநாள் அந்த ஐடியை அழித்துவிட்டுக் 'கார்த்தி' ஆனேன். அந்த செப்டம்பரில் பப்ஜி தடையானது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ வந்தது. 2022 ஜூலையில் அதுவும் நின்று, 2023 மே மாதம் திரும்பி வந்தது. ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தொடங்கினேன், ஒவ்வொரு தடவையும் கார்த்தியாகவே தொடங்கினேன்.

மைக் இல்லாமல் ஸ்குவாட் விளையாடுவது எப்படி இருக்கும் என்று ஒரு நாள் முயன்று பாருங்கள். மேலே திசைகாட்டியில் 310-ல் ஆள் நகர்வது எனக்குத் தெரிகிறது. மார்க்கரை வைக்கிறேன். உங்கள் கண் வேறெங்கோ இருக்கிறது. குவிக் சாட்டில் 'எதிரி முன்னால்' என்று தட்டுகிறேன். யாருக்கு முன்னால்? தட்ட விரலை எடுத்த நேரத்தில் நான் குறி வைப்பதை விட்டுவிட்டேன். நீங்கள் விழுகிறீர்கள். "கார்த்தி வேஸ்ட்டு ப்ரோ, சொல்லவே மாட்டேங்கறான்" என்கிறீர்கள். இப்படித் தோற்ற ஆட்டங்களுக்குக் கணக்கில்லை. பெண்கள் சுமாராகத்தான் ஆடுவார்கள் என்று நீங்கள் நினைப்பதில் ஒரு பங்கு, நாங்கள் வாயைக் கட்டிக்கொண்டு ஆடுவதால் வருவது.

என் அமுச்சி இருந்தவரை சித்திரை வெயிலில் திண்ணையில் தாயக்கரம் உருட்டுவார். எதிரில் மூன்று கிழவிகள். காயை வெட்டினால் அவர் போடும் சத்தம் நான்காவது வீடு வரை கேட்கும். தெருவில் போகிற ஆண்கள் நின்று பார்த்துவிட்டு, "ஆத்தா, இன்னிக்கு யாரு பழம்?" என்று கேட்டுப்போவார்கள். நான் போனில் விளையாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர், "ஏஞ்சாமி, வாயத் தொறக்காம ஆடறயே, எதிராளிக்குக் கோபமே வராதே?" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் சிரித்து வைத்தேன். லூடோவுக்கு நான் எதிரி இல்லை என்று உங்களுக்கு இதிலேயே தெரிந்திருக்கும். எங்கள் பாட்டிகள் அதைவிடக் கடுமையான ஆட்டத்தை ஆடியவர்கள்.

என் சித்தி மகளின் கதைக்கு வருகிறேன். அவள் போன வருசம் வேறொரு கல்லூரியின் போட்டியில், மெயின் ஈவென்ட்டிலேயே, வகுப்புத் தோழிகள் மூன்று பேரோடு சேர்ந்தாள். பதிவு செய்ததும் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார்கள். ஆட்டத்துக்குள் நுழைய வேண்டிய ரூம் ஐடியும் பாஸ்வேர்டும் அதில்தான் வரும். அந்தக் குழுவில் இருநூறுக்கு மேல் ஆட்கள். நான்கு பெண்களின் எண்ணும் இருநூறு பேர் கைக்குப் போனது. அன்று ராத்திரிக்குள் அவளுக்கு மட்டும் பதினொரு 'ஹாய்'. ஒருத்தியின் டிபியை எடுத்து ஸ்டிக்கர் செய்து அதே குழுவில் போட்டார்கள். அட்மின் சிரிக்கிற பொம்மை போட்டார்.

இருந்தும் போனார்கள். இரண்டாவது மேட்சில் 9 ஃபினிஷ் எடுத்தார்கள், அதாவது எதிரிகளில் ஒன்பது பேரை வீழ்த்தினார்கள். உடனே ஒருங்கிணைப்பாளர்கள் இரண்டு பேர் வந்து நான்கு போன்களையும் வாங்கிப் பார்த்தார்கள். ஹேக், அதாவது ஏமாற்று மென்பொருள், இருக்கிறதா என்று சோதனை. அதே மேட்சில் 14 ஃபினிஷ் எடுத்த பையன்களிடம் யாரும் போகவில்லை. வர்ணனை செய்தவர் மைக்கில், "பாய்ஃப்ரெண்டோட ஐடியில ஆடறாங்களோ?" என்றார். ஹால் முழுக்கச் சிரிப்பு. மூன்றாவது மேட்சில் அவள் விரல் நடுங்கியதாகச் சொன்னாள். இந்த வருசம் எனக்கு வெறும் கேள்விக்குறி அனுப்பியவள் அந்தப் பெண்தான்.

இதைக் கேட்டபோது எனக்குத் தென்கொரியாவின் கெகுரி நினைவுக்கு வந்தார். 2016-ல் ஓவர்வாட்ச் விளையாட்டில் ஸார்யா என்ற பாத்திரத்தோடு அவர் குறி வைத்த துல்லியத்தைப் பார்த்து, ஏமாற்று மென்பொருள் வைத்திருக்கிறார் என்று எதிரணி ஆட்கள் குற்றம் சாட்டினார்கள். அவர் ஏமாற்றவில்லை என்று விளையாட்டை நடத்தும் நிறுவனமே சொன்ன பிறகும் பேச்சு நிற்கவில்லை. அந்தப் பதின்வயதுப் பெண், கையும் மவுஸும் தெரிகிற மாதிரி கேமராவை வைத்து, நேரலையில் விளையாடிக் காட்ட வேண்டியிருந்தது. இரண்டு வருசத்தில், 2018-ல், ஷாங்காய் டிராகன்ஸ் அணியில் சேர்ந்து ஓவர்வாட்ச் லீகின் முதல் பெண் ஆட்டக்காரர் ஆனார். அவருக்கு அந்த நெஞ்சுரம் இருந்தது. ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு பெண்ணும் முதலில் தன் கை தன்னுடையது என்று நிரூபித்துவிட்டுத்தான் ஆட வேண்டும் என்றால், எத்தனை பேர் மிஞ்சுவார்கள்?

இந்தத் துறைக்குப் பெண்கள் நேற்று வந்த விருந்தாளிகளும் இல்லை. ராபர்ட்டா வில்லியம்ஸ் 1980-ல் 'மிஸ்டரி ஹவுஸ்' வடிவமைத்தார், படத்தோடு வந்த முதல் சாகசக் கணினி விளையாட்டுகளில் ஒன்று அது. டோனா பெய்லி 1981-ல் 'சென்டிபீட்' உருவாக்கியவர்களில் ஒருவர். கரோல் ஷா 1982-ல் 'ரிவர் ரெய்ட்' எழுதினார். அந்த மூவரும் வேலை செய்த காலத்தில் உங்கள் கல்லூரிகளில் பல கட்டப்படவே இல்லை.

தனிப் போட்டி வைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. வாலரண்டை உருவாக்கிய ரயட் நிறுவனம் 2021-லிருந்து 'கேம் சேஞ்சர்ஸ்' என்று பெண்களுக்கும் பிற பாலினச் சிறுபான்மையினருக்கும் தனித் தொடர் நடத்துகிறது. 2022-ல் பெர்லினில் அதன் முதல் உலகப் போட்டி நடந்தது. ஆனால் அங்கே ஆடுவது அதே வாலரண்ட், அதே ஐந்து பேர் அணி, நேரலை, வர்ணனை, பரிசு எல்லாம் உண்டு. பெரிய போட்டியின் கதவும் அவர்களுக்குத் திறந்தே இருக்கிறது. அது ஏறிப்போக ஓர் ஏணி. நீங்கள் லூடோ என்று போட்டது, பந்தலுக்கு வெளியே போட்ட பாய். (இதே ரயட், உள்ளே பெண் ஊழியர்களை நடத்திய விதத்துக்காக வழக்கைச் சந்தித்து, 2021 டிசம்பரில் 10 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நல்லது செய்கிற இடத்திலும் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.)

இன்னொன்று. உங்களில் பலர் விளையாடுவதோடு நிற்பதில்லை, யூனிட்டி, அன்ரியல் என்ற மென்பொருள்களில் விளையாட்டு செய்கிறீர்கள். ஹேக்கத்தானில் காட்சிக்கு வைக்கிறீர்கள். எனக்கு அதில் பெருமை. இரண்டு வருசம் முன்னால் ஒரு காட்சியில் அண்ணன்மார் கதையை வைத்து ஒரு குழு செய்திருந்த விளையாட்டைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பொன்னர் வருகிறார், சங்கர் குதிரை ஏறுகிறார், உடுக்கைச் சத்தம் பின்னால் ஒலிக்கிறது. நம் மண்ணின் கதை திரையில் ஓடுகிறது! அவர்கள் தங்கை தங்காள் எங்கே என்று தேடினேன். முதல் காட்சியில் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன்மாருக்கு விடை கொடுத்தாள். அதற்கப்புறம் ஆட்டம் முடியும் வரை அவள் வரவே இல்லை.

செய்த தம்பியிடம் கேட்டேன். "நேரம் இல்லீங்க அக்கா, இன்னொரு கேரக்டருக்கு மாடல், அனிமேஷன் எல்லாம் தனியாப் பண்ணோணுமுங்க" என்றார். உலகத்தின் பெரிய நிறுவனங்களில் ஒன்றான யூபிசாஃப்ட் 2014-ல் சொன்ன காரணமும் இதேதான். அந்த வருசத்து 'அஸாஸின்ஸ் கிரீட்'டில் கூட்டாக ஆடும் பகுதியில் பெண் பாத்திரம் ஏன் இல்லை என்று கேட்டபோது, அனிமேஷன் வேலை இரட்டிப்பாகும் என்றார்கள். அதே நிறுவனத்தில் முன்பு வேலை செய்த அனிமேட்டர் ஒருவர், அது ஒன்றிரண்டு நாள் வேலை என்று வெளிப்படையாக எழுதினார்.

நம் ஊரில் உடுக்கையடித்துப் பாடுகிற கதையில் தங்காள் யார்? அண்ணன்மார் விழப்போவதைக் கனவில் கண்டவள். அவர்கள் விழுந்தபின் வீட்டை விட்டுக் கிளம்பி, காட்டில் தனியாக அலைந்து, பெரியகாண்டி அம்மனின் துணையோடு படுகளத்தைக் கண்டுபிடித்து, கிடந்தவர்களை எழுப்பினவள். படுகளத்து ராத்திரியில் ஊர் அழுவது அவளோடுதான். விளையாட்டு செய்கிறவன் கண்ணோடு பாருங்கள்: காடு, இருட்டு, வழி தெரியாத பயணம், தடம் தேடுவது, தெய்வத்தின் துணை, கடைசியில் ரிவைவ். இதைவிட நல்ல ஒரு லெவல் எந்தக் கதையில் இருக்கிறது? சண்டைக் காட்சி ஆயிரம் விளையாட்டில் உண்டு. தங்காளின் நடை உலகத்தில் ஒரு விளையாட்டிலும் இல்லை. அதை விட்டுவிட்டு அவளை ஊஞ்சலிலேயே உட்கார வைத்துவிட்டோமே என்று அன்று முழுக்க எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

பெண்ணைத் திரையில் வைத்தாலே போதும் என்றும் இல்லை. 1986-ல் வந்த ஜப்பானிய விளையாட்டு 'மெட்ராய்ட்'. உடல் முழுக்கக் கவசம் அணிந்த வீரர், ஆட்டம் முழுக்க நாம் ஆண் என்றே நினைத்துக்கொண்டு ஓட்டுகிறோம். வேகமாக முடித்தால் கவசம் கழல்கிறது, சாமஸ் ஆரன் ஒரு பெண். முதன்முதலில் இதைப் படித்தபோது 'கார்த்தி'யாகிய நான் துள்ளிக் குதித்தேன். அப்புறம் தெரிந்தது, இன்னும் சீக்கிரம் முடித்தால் அவள் இன்னும் குறைந்த உடையில் வருவாள், அதுதான் பரிசு. அத்தனை வீரம் காட்டியவளைக் கடைசியில் ஆடுகிறவனுக்குப் பரிசாக நிறுத்தியிருக்கிறார்கள். இன்றைக்கும் எங்கள் லாபியில் பாதிப் பையன்கள் பெண் உருவத்தை எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள், பின்னாலிருந்து பார்க்க அழகாக இருக்கிறதாம். உள்ளே ஆண், வெளியே பெண். என்னைப் போன்றவர்கள் உள்ளே பெண், வெளியே ஆண் பெயர். எங்கள் உருவத்துக்கு இடம் இருக்கிறது, எங்கள் குரலுக்கு இல்லை.

நல்லபடியாகச் செய்யவும் முடியும் என்பதற்கு வெளியே தேட வேண்டியதில்லை. 2020-ல் புனேயிலிருந்து வந்த 'ராஜி'யில் தம்பியைத் தேடிப் போகும் பெண்தான் ஆட்டத்தின் நாயகி. 2023-ல் டொராண்டோவிலிருந்து விசை கேம்ஸ் செய்த 'வெண்பா' வந்தது. 1980-களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்த் தாய், அழுக்குப் படிந்து எழுத்து அழிந்த சமையல் குறிப்பு, அதை வைத்து நாம் இட்லி சுட வேண்டும். துப்பாக்கி இல்லை, ஓட்டம் இல்லை. 2024-ல் அதற்கு பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது. என் அம்மா அதுவரை என் போனைத் திட்டாத நாள் இல்லை. 'வெண்பா'வைக் காட்டியதும் பக்கத்தில் உட்கார்ந்து, "துணியை ஈரமாப் போடோணும்னு சொல்லு அவகிட்ட" என்றார். சோமனூரில் தறி ஓட்டுகிற அக்கா, ஈரோட்டில் மஞ்சள் தரம் பார்க்கிற அம்மா, எங்கள் கம்பெனி செக்கிங் டேபிளில் ஒரு நூல் பிசிறையும் விடாத பெண்கள், இவர்களை நீங்கள் தினமும் பஸ்ஸில் பார்க்கிறீர்கள். அவர்களில் ஒருத்தியை வைத்து ஒரு விளையாட்டு செய்ய உங்களைத் தவிர யாரால் முடியும்?

சரி, போட்டிக்கு வருகிறேன். நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை.

முதலில் அந்த வாட்ஸ்அப் குழு. கம்யூனிட்டியாக மாற்றி, அறிவிப்புக் குழுவில் மட்டும் ரூம் ஐடியைப் போட்டால் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது, அட்மினுக்குத்தான் தெரியும். பத்து நிமிட வேலை. அப்படிச் செய்திருந்தால் என் சித்தி மகளுக்கு அந்தப் பதினொரு 'ஹாய்' வந்திருக்காது. அட்மின்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும்.

விதிமுறைத் தாளில் ஹேக், எமுலேட்டர் (போன் ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் ஆடுவது), தாமதம் எல்லாவற்றுக்கும் ஒரு வரி வைத்திருக்கிறீர்கள். அதில் இன்னொரு வரி சேருங்கள்: போட்டியிலோ குழுவிலோ ஓர் ஆட்டக்காரரைப் பெண் என்பதற்காகவோ சாதி ஊர் கேட்டோ சீண்டினால், சீண்டியவரின் அணி முழுவதும் வெளியே. தனி ஆளை மட்டும் நீக்கினால் மற்ற மூவரும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அணியே போகும் என்றால், பக்கத்தில் இருப்பவனே வாயைப் பொத்துவான். வர்ணனை செய்பவருக்கும் இதே விதி. போனைச் சோதிப்பதென்றால் முதல் மூன்று இடத்துக்கு வரும் எல்லா அணிக்கும் சோதியுங்கள்.

நேரம். மெயின் ஈவென்ட்டின் இறுதிச்சுற்றை ராத்திரி எட்டு மணிக்கு வைக்கிறீர்கள். பெண்கள் விடுதியின் கேட் பல இடங்களில் ஆறரைக்கே பூட்டிவிடுகிறார்கள். சத்தி, கோபி, தாராபுரம் போகிற பெண் கடைசி பஸ்ஸைப் பார்க்க வேண்டும். "வர்றதில்லீங்க" என்பதற்கு இது எவ்வளவு பெரிய காரணம் என்று யாராவது யோசித்தீர்களா? ஆசிரியர்களே, இது உங்களிடம் கேட்பது. வள்ளி கும்மி அரங்கேற்றத்துக்கு ராத்திரி பதினொரு மணி வரை ஊர் மைதானத்தில் நம் பிள்ளைகள் ஆடுகிறார்கள், நாமே கூட்டிப்போய், நாமே கூட்டி வருகிறோம். கூட ஆள் இருந்தால் இந்த ஊர் பெண்ணை ராத்திரியில் வெளியே விடுகிறது. போட்டியன்று ஒரு கல்லூரிப் பேருந்தும் ஒரு பேராசிரியையும் போதும். அது முடியாவிட்டால் இறுதிச்சுற்றைக் காலையில் வையுங்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 பாலியல் துன்புறுத்தல் தடுப்பு விதிகள் உங்கள் கல்லூரிக்கும் பொருந்தும். கலைவிழா, விளையாட்டுப் போட்டி நடக்கிற இடத்தையும் அவை வளாகத்தின் நீட்சியாகவே கணக்கில் எடுக்கின்றன. அப்படியென்றால் போட்டியில் நடந்ததை உள் புகார்க் குழுவிடம் கொண்டுபோகலாம். அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று போட்டி அரங்கின் வாசலில் ஒரு தாள் ஒட்டுங்கள். எத்தனையோ ஸ்பான்சர் பேனர் கட்டுகிறீர்கள், அதற்கு நடுவில் ஒரு தாளுக்கு இடம் இருக்கும்.

2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் இ-ஸ்போர்ட்ஸுக்கு, அதாவது போட்டியாக ஆடும் கேமிங்குக்கு, பதக்கம் கொடுத்தார்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம் பணம் வைத்து ஆடுவதைத் தடுத்து, இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டு என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. "கேமிங்கும் ஸ்போர்ட்ஸ்தான் சார்" என்று முதல்வர் அறையில் நின்று நீங்கள் வாதாடியது எனக்குத் தெரியும். அதே வாதத்தைத்தான் எங்களுக்காகவும் பேசச் சொல்கிறேன்.

என் சித்தி மகளிடம் நேற்று பேசினேன். நான்கு பேர் அணி தயார். மூன்று பேர் அவள் வகுப்பு, நான்காவது பவானியிலிருந்து ஒரு பிபிஏ மாணவி, ஸ்னைப்பர். மார்ச் மாதப் போட்டி ஒன்றுக்குச் சொந்தப் பெயர்களில் படிவம் நிரப்பி வைத்திருக்கிறார்கள், இன்னும் அனுப்பவில்லை. விதிமுறைத் தாள் வெளிவந்ததும் அந்த ஒரு வரி அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கட்டணம் கட்டுவதாகச் சொன்னாள். நான் இந்தக் கடிதத்தை எழுதி முடித்ததும் செய்யப்போகிற முதல் வேலை, ஐடியில் 'கார்த்தி'யை எடுத்துவிட்டு என் பெயரைப் போடுவது. இன்றைக்கு ராத்திரி பத்து மணிக்கு மைக் திறந்திருக்கும். உங்களில் யாராவது அந்த லாபியில் இருந்தால், பாறைக்கு அக்கட்ட யார் இருக்கிறார்கள் என்று நான் சொல்வதைக் கேட்டு ஆடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா ஒருத்தி,
திருப்பூர்.